நடந்தால் கூப்பிடவும்

நான் எழுதிய நிரலில் ஓர் இடம் இருந்தது. எந்தக் காலத்திலும் கணினி அந்த இடத்துக்கு வந்து சேராது. இருந்தாலும் அங்கே ஒரு பிழைச்செய்தி எழுதி வைத்திருந்தேன்: "இது நடக்காது. நடந்தால் எமிலைக் கூப்பிடவும், 3318."

"இது நடக்காது" என்பது நியூ ஜெர்சியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் எழுதுகிற வரிதான். எல்லா ஓட்டையையும் அடைத்த பிறகும், ஏதாவது ஒரு மூலையில் எதுவோ புகுந்துவிடுமோ என்று நிரல் எழுதுகிறவனுக்கு ஒரு பயம் இருக்கும். அந்த மூலையில் "இது நடக்காது" என்று எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவோம். சிலர் பொறுப்பாகத் தங்கள் மேசைத் தொலைபேசி எண்ணையும் சேர்ப்பார்கள். நான் சேர்த்தது பொறுப்பினால் இல்லை. அதை அடுத்த மேசை டோனி பலம்போ ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டான்.

"யோவ் எமில், என்னய்யா இது? எரர் மெசேஜா, பொண்ணு தேடுற விளம்பரமா?"

"வாயை மூடிக்கிட்டு உன் வேலையைப் பாரு."

"இல்ல, வயசு, உயரம் எல்லாம் விட்டுட்டியேன்னு கேட்டேன்."

என் மனைவி மார்ஜி என்னை விட்டுவிட்டு ஃபீனிக்ஸுக்குப் போன வருடம் அது. பிளெயின்ஃபீல்டில் என் வீட்டுத் தொலைபேசி அடித்தால் அது கம்பளம் விற்கிறவனாக இருக்கும். அவனிடமே கால் மணி நேரம் கம்பளத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது கூப்பிட மாட்டார்களா என்றுதான் அந்த எண்ணைப் போட்டேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

யாரும் கூப்பிடவில்லை. நிரல் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்தது. அதன் பெயர் பேஜ். ஒரு கோப்பில் இருப்பதை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பெயரும் தேதியும் போட்டு அச்சு இயந்திரத்துக்கு அனுப்பும். அவ்வளவுதான். எங்கள் கணினிகளை இயக்குகிற யுனிக்ஸின் குணம் என்னவென்றால், சொன்ன வேலையைச் செய்துவிட்டால் வாயே திறக்காது. "முடிந்தது" என்றுகூடச் சொல்லாது. தப்பு நேர்ந்தால் மட்டும்தான் பேசும். அதில் நாள் முழுக்க வேலை செய்கிற எங்களுக்கும் அந்தக் குணம் ஒட்டிக்கொண்டிருந்தது. பேஜ் நன்றாக இருக்கிறது என்று மூன்று வருடத்தில் ஒரு மனிதர் என்னிடம் சொன்னதில்லை.

எனக்கென்று ஒரே ஒரு பெருமை இருந்தது. எங்கள் கையேட்டில் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பக்கம் உண்டு. அதன் அடியில் "பிழைகள்" என்று ஒரு தலைப்பு. எழுதியவனே தன் நிரலின் குறைகளை அங்கே ஒப்புக்கொள்ள வேண்டும், அதுதான் வழக்கம். டோனியின் பக்கங்களில் அந்தப் பகுதி பாவமன்னிப்புக் கூண்டில் உட்கார்ந்து பேசியதுபோல நீண்டுகொண்டே போகும். என் பக்கத்தில் ஒரே சொல்: "இல்லை." கையேடு முழுவதிலும் அப்படி ஒரு பக்கம் அது மட்டும்தான். மார்ஜி ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "இதை எழுதின ஆளுக்கு ஒரு பக்கம் போட்டா, அந்தத் தலைப்புக்குக் கீழ இடமே பத்தாது." அப்போது நானும் சிரித்தேன்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை மதியம் எல்லோரும் உணவகத்துக்குப் போயிருந்தார்கள். நான் மேசையிலேயே முட்டை சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது.

"அங்க எமில்ங்கிறவரு இருக்காரா?" ஒரு பெண் குரல்.

"நான்தான்."

"என் பேரு வெர்னா. தெற்கு டகோட்டாவுல அபெர்டீன் ஆபீஸ்லேருந்து பேசுறேன். இங்க கம்ப்யூட்டர் ரூம்ல வேலை. உங்க பேஜ் புரோகிராம் இருக்குல்ல, அது 'இது நடக்காது'ன்னு ஒரு மெசேஜ் குடுக்குது. நடந்தா உங்களைக் கூப்பிடணுமாம்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள், "நடந்துடுச்சு."

பாதி பிரித்த சாண்ட்விச்சை அப்படியே மேசையில் வைத்தேன். எங்கள் நிரல்கள் காந்த நாடாவில் ஏறிக் கிளை அலுவலகங்களுக்கெல்லாம் போகும் என்பது தெரிந்ததுதான். அங்கிருந்து ஒரு குரல் திரும்பி வரும் என்று நான் நினைத்ததில்லை. மகிழ்ச்சியா, பயமா என்று எனக்கே புரியவில்லை. காகிதமும் பென்சிலும் எடுத்தேன்.

"எந்த ஃபைலை அச்சடிச்சீங்க?"

"ஏதோ ரிப்பேர் லிஸ்ட்டுங்க."

"பெரிய ஃபைலா?"

"ரொம்பப் பெருசுன்னு சொல்ல முடியாது. சின்னதுன்னும் சொல்ல முடியாது."

"சரி, எரர் வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?"

அவள் நன்றாக யோசித்தாள். "காபி குடிச்சேன்."

வேறு நாளாக இருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். அன்று "காபி" என்று காகிதத்தில் எழுதிக்கொண்டேன். வெட்கக்கேடு!

அந்த வாரம் முழுவதும் என் நிரலைக் கசக்கிப் பிழிந்தேன். காலிக் கோப்பைக் கொடுத்தேன், பாதியில் அறுந்த கோப்பைக் கொடுத்தேன், அச்சு இயந்திரத்தின் கம்பியைப் பிடுங்கினேன். எதற்கும் அந்தச் செய்தி வரவில்லை. டோனி வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"யாரோ உனக்குச் சூனியம் வச்சிருக்காங்கய்யா."

"அப்படி எனக்கு வைக்கிறவங்க யாரு இருக்கா?"

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது.

முறைப்படி ரூத் கெஸ்லரிடம் சொல்லியாக வேண்டும். எல்லா நிரல்களையும் திரட்டி நாடாவில் ஏற்றி, கையேட்டையும் அச்சடித்துக் கிளைகளுக்கு அனுப்புகிறவர் அவர்தான். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வையிலேயே பாதிப் பேருக்கு வியர்த்துவிடும்.

"மார்ச்ல புது டேப் போகுது, எமில். பிப்ரவரி முடியறதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டா உங்க பேஜ் போகும். இல்லன்னா அதே வேலைக்கு டோனி எழுதினது போகும்."

"டோனியோடதா? அது பக்கத்துக்கு நம்பரே தப்பா போடுமே!"

"அதை அவர் 'பிழைகள்'ல எழுதியிருக்காரே. நீங்கதான் 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க." பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டார், "அந்த அம்மா சொல்றது நிஜமா, இல்ல சும்மா தொந்தரவா? சும்மான்னா சொல்லுங்க. அவங்க மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

"நிஜம்னுதான் நினைக்கிறேன்."

"இன்னொண்ணு. இனிமே எரர் மெசேஜ் எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். புரோகிராம் பேரு, ஃபைல் பேரு, என்ன தப்புன்னு சிஸ்டம் சொல்ற வரி. அவ்வளவுதான். உங்க ஃபோன் நம்பரை எடுத்துடுங்க. இது என்ன டெலிபோன் டைரக்டரியா?"

அடுத்த வியாழக்கிழமை மதியம் வெர்னா மறுபடி கூப்பிட்டாள். மறுபடி அதே பிழையாம். அதற்கடுத்த வியாழனும் அப்படியே. எங்கள் அலுவலகங்களுக்குள் எந்த ஊருக்குப் பேசினாலும் கட்டணம் இல்லை என்பதால் இரண்டு பேருக்கும் அவசரம் இருக்கவில்லை. பிழையைப் பற்றிய பேச்சு கொஞ்சமாகவும், பனியைப் பற்றிய பேச்சு நிறையவும் ஆயிற்று.

அவள் அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. அவளும் கணினியும் அச்சு இயந்திரமும் மட்டும்தான். சுவரில் ஒரு திறப்பு. அதன் வழியாக அச்சடித்த தாள்களைத் தள்ளினால், அந்தப் பக்கத்திலிருந்து கைகள் வந்து எடுத்துக்கொண்டு போகும்.

"யாரோட கை?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? ஒரு கையில மோதிரம் இருக்கும். ஒண்ணு நகம் கடிக்கிற கை. போன மாசம் ஒரு கை கட்டுப் போட்டுக்கிட்டு வந்துச்சு, 'என்னாச்சு'ன்னு கேட்டேன். பேப்பரை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. காலையில வந்து மெஷினுக்குத்தான் குட் மார்னிங் சொல்றேன். அதுவும் ஒண்ணும் பேசாது."

"பேசலைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்."

"என் வீட்டுக்காரரும் இப்படித்தான் சொல்வாரு," என்றாள். "அவரு தவறிப்போயி இது ரெண்டாவது குளிர்காலம்."

அன்று அவள் சாப்பாட்டுக்கு என்ன கொண்டு வந்திருக்கிறாள் என்று கேட்டேன். முந்தின நாள் செய்த ஹாட்டிஷாம். உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் போட்டு வேகவைத்ததை, ஒருத்திக்கு அளவாகச் செய்யவே வராததால் வாரம் முழுக்க அதையே சாப்பிடுகிறாளாம். எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

நான் வியாழக்கிழமைகளுக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன். முகச்சவரம்கூடச் செய்துகொண்டேன், தொலைபேசியில் முகம் தெரியும் என்பதைப்போல.

"வியாழக்கிழமையானா சட்டைக்கு இஸ்திரி வேற!" என்றான் டோனி. "ஏன்யா, அந்த எரரைக் கண்டுபிடிக்கிற எண்ணமே இல்லையா உனக்கு?"

உண்மையிலேயே எனக்கு இரண்டு மனதாக இருந்தது. பிழையைக் கண்டுபிடிக்காவிட்டால் பேஜ் போய்விடும். ஆயுசுக்கும் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். கண்டுபிடித்துவிட்டால் வெர்னா எதற்குக் கூப்பிடப்போகிறாள்?

பிப்ரவரியின் கடைசி வியாழன் வந்தது. மறுநாள் ரூத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். தொலைபேசி அடித்ததும் பனியைப் பற்றிக்கூடக் கேட்காமல் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"வெர்னா, அந்த எரர் மெசேஜ் இப்போ உங்க முன்னாடி இருக்கா?"

"இருக்கு."

"ஒரு எழுத்து, ஒரு புள்ளி விடாம அப்படியே வாசிங்க. அதுல வர்ற ஃபைல் பேரைப் பார்த்தா எனக்கு ஏதாவது பிடிபடும்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கும் பிள்ளையைப்போல நிதானமாக வாசித்தாள். "பேஜ். ரெண்டு புள்ளி. பெர்சென்ட் குறி. எஸ். ரெண்டு புள்ளி. இது நடக்காது. நடந்தால் எமிலைக் கூப்பிடவும்..."

"என்ன குறி?"

"பெர்சென்ட். அப்புறம் எஸ். சின்ன எஸ்."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

விஷயம் இதுதான். செய்தியை எழுதும்போது, யார் எந்தக் கோப்பைக் கேட்கப்போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் கோப்பின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு பெர்சென்ட் குறியையும் எஸ் எழுத்தையும் போட்டு வைப்போம். நிரல் ஓடும்போது அந்த இடத்தில் உண்மையான பெயர் வந்து உட்கார்ந்துவிடும். நிஜமாகவே பிழை வந்தால் அந்தக் குறி யார் கண்ணிலும் படாது. நாங்கள் எழுதிய நிரல் வரிகளை அப்படியே தாளில் அச்சடித்துப் படிக்கிறவருக்கு மட்டும்தான் அது தெரியும்.

பிழை வரவே இல்லை. ஒரு நாளும் வந்ததில்லை.

வந்ததே கோபம்! எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன், ரூத் முன்னால் எப்படிக் கூனிக் குறுகி நின்றேன்! வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் அந்த அடித்தள அறை நினைவுக்கு வந்தது. என் நிரலைக்கொண்டே என் நிரலை அச்சடித்து, பக்கம் பக்கமாக உட்கார்ந்து படித்திருக்கிறாள். கடைசி மூலை வரைக்கும் வந்திருக்கிறாள். அங்கே ஒரு மனிதனின் பெயரும் எண்ணும் இருப்பதைப் பார்த்திருக்கிறாள். நான் எதற்காக அதை எழுதினேனோ, அவள் அதற்காகவே கூப்பிட்டிருக்கிறாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"எமில்? இருக்கீங்களா?"

"இருக்கேன். புரிஞ்சிடுச்சு, வெர்னா. தப்பு என்னோடதுதான். சரி பண்ணிட்டேன்னு வச்சுக்கோங்க."

"கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"ம்."

"அப்போ... இனிமே வராதா?"

"வராது."

"பிழை இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள்" என்று சொல்லத்தான் நினைத்தேன். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வெட்கப்பட்டுப்போவாளே!

"நல்லது, எமில்," என்றாள். "உடம்பைப் பார்த்துக்கோங்க." தொலைபேசியை மெதுவாக வைத்தாள்.

மறுநாள் ரூத்தின் மேசை முன்னால் நின்றேன். பிழை எதுவும் இல்லை என்று சொன்னால் பேஜ் பிழைக்கும், "இல்லை" என்ற அந்தச் சொல்லும் பிழைக்கும். ஆனால் அபெர்டீன் மேலாளருக்கு ரூத்தின் ஒரு வார்த்தை போகும். அந்தத் திறப்பின் வழியாக இதுவரை கைகள் மட்டும் வந்த இடத்தில் ஒரு தலையும் வந்து அவளைத் திட்டும்.

"கண்டுபிடிச்சுட்டேன்," என்றேன். "அச்சு மெஷின்ல காகிதம் தீர்ற நேரத்துல தப்பான மெசேஜ் வந்திருக்கு. என் கவனக்குறைவுதான். சரி பண்ணிட்டேன்."

"அப்போ கையேட்டுல எழுதிடுங்க."

எழுதினேன். "பிழைகள்" என்ற தலைப்புக்குக் கீழே "இல்லை" என்பதை அடித்துவிட்டு, இல்லாத ஒரு பிழையை எழுதினேன். முந்தைய பதிப்புகளில் காகிதம் தீரும் நேரத்தில் தவறான செய்தி வந்துகொண்டிருந்தது என்று ஒரு வரி. பிறகு நிரலைத் திறந்து என் எண்ணை அழித்தேன். அடுத்த மேசையிலிருந்து டோனி கையை நீட்டினான். "வாய்யா எமில், எங்க கூட்டத்துல சேர்ந்துட்ட!" அந்தக் கையைக் குலுக்கினேன். வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

மார்ச் மாதத்து வியாழக்கிழமைகளில் தொலைபேசி அடிக்கவில்லை. அபெர்டீன் அலுவலகத்தின் எண்ணைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். பாதி சுழற்றிவிட்டு வைத்துவிடுவேன். கூப்பிட்டு என்னவென்று சொல்வது? உங்கள் கணினி நலமா என்றா? எல்லாம் சரியாக இருக்கும்போது பேசும் பழக்கம் எனக்கு இல்லையே! வீட்டுக்குப் போய் ஒரு பெரிய பாத்திரத்தில் சூப் வைத்து வாரம் முழுக்க அதையே சாப்பிட்டேன். கம்பளம் விற்கிறவன்கூட அந்த மாதம் கூப்பிடவில்லை. அவனுக்கும் நான் வாங்கப்போவதில்லை என்று புரிந்துவிட்டதுபோல.

ஏப்ரலில் ஒரு வியாழன், அதே மதியம், அதே முட்டை சாண்ட்விச். தொலைபேசி அடித்தது.

"எமில்?"

"வெர்னா!" நான் போட்ட சத்தம் தாழ்வாரம் வரை கேட்டிருக்கும்.

"புது டேப் வந்துச்சு. கையேடும் வந்துச்சு. உங்க பக்கத்தைப் படிச்சேன்." குரல் தயங்கியது. "காகிதம் தீர்ற நேரத்துல தப்பு வரும்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"இங்க காகிதம் தீர்ந்ததே இல்ல, எமில். தீர நான் விடறதே இல்ல."

தொலைபேசிக் கம்பியை விரலில் சுற்றினேன்.

"உங்களுக்கு எப்போலேருந்து தெரியும்?"

"பெர்சென்ட் எஸ்ஸிலேருந்து."

சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. "முன்னாடி அங்க 'இல்லை'ன்னு இருந்துச்சு. நான் பார்த்திருக்கேன். ஐயோ, எமில்! எனக்காகவா?"

"விடுங்க. அந்தப் பக்கம் மொட்டையா இருந்துச்சு."

"இங்க படிக்கிறதுக்கு வேற ஒண்ணும் இல்ல. டேப்ல இருக்கறதையெல்லாம் அச்சடிச்சுப் படிப்பேன். எல்லாம் வெறும் கணக்கு. உங்களோடதுல மட்டும்தான் கூப்பிடச் சொல்லியிருந்துச்சு." மூக்கைச் சிந்திக்கொண்டாள். "சரி, இப்போ எதுக்குக் கூப்பிட்டேன்னா, ஒரு எரர் வந்திருக்கு. இந்தத் தடவை நிஜமா. ஸ்கிரீன்ல இருக்கு."

கை தானாகப் பென்சிலைத் தேடியது. "வாசிங்க. ஒரு எழுத்து விடாம."

"பேஜ். ரெண்டு புள்ளி. எமில். ரெண்டு புள்ளி. அப்படி ஒரு கோப்பு இல்லை."

ரூத் கெஸ்லரின் புதுச் செய்தி அது. நிரலின் பெயர், கோப்பின் பெயர், என்ன தப்பு என்று ஒரு வரி. எல்லா அலுவலகத்துக்கும் ஒரே மாதிரி. நடுவில், அந்தக் குறி இருந்த இடத்தில், என் பெயர் வந்து உட்கார்ந்திருந்தது. நான் அதை எழுதவில்லை. அந்த அடித்தள அறையில் யாரோ ஒருத்தி கோப்பின் பெயராக 'எமில்' என்று தட்டி, கணினியிடம் என்னைக் கேட்டிருந்தால்தான் அது வரும்.

"மெசேஜ் சரியாத்தான் இருக்கு," என்றேன்.

"ஆனா அதுல நம்பர் இல்ல. நல்லவேளை, எனக்கு மனப்பாடம்."

டோனி உணவகத்திலிருந்து திரும்பி வந்தான். என் முகத்தைப் பார்த்தான். எதையோ சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நான் சாண்ட்விச்சைத் தள்ளி வைத்துவிட்டு, அங்கே பனி நின்றுவிட்டதா என்று வெர்னாவிடம் கேட்டேன்.